மூன்றாவது கியரில் ஒரு கீச்சு

ருக்னுதீன்: ...சரி, இப்பச் சொல்லு. சத்தம் இருக்கா, இல்லையா?

ஜெய்னம்பு: அரிசி களையறேன் மச்சான். கை ஈரம்.

ருக்னுதீன்: காதுமா ஈரம்? பட்டறைக்குள்ள வரச் சொல்லல. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டாப் போதும்.

ஜெய்னம்பு: எந்நேரமும் என்னைப் பரீட்சை பண்றதே வேலையாப் போச்சு. நான் என்ன மெக்கானிக்கா?

ருக்னுதீன்: மெக்கானிக் பொண்டாட்டி. கத்துக்கயேன். தோட்டத்துத் துரையோட ரெண்டு சீட்டுக் காருலேருந்து கியர்பெட்டியக் கழட்டி மேசையில வச்சிருக்கேன். துளை போடற மெஷினுக்கு ஆயில் இன்ஜின் இருக்குல்ல... அதோட தோல் வாரை இதுல மாட்டிட்டேன். காருல ஏத்தாமலே பெட்டி ஓடுது பாரு.

ஜெய்னம்பு: இங்கேருந்து எப்படிப் பாக்கறது?

ருக்னுதீன்: அப்பக் கேளு. மூணாவது கியர்.

ஜெய்னம்பு: ...இருக்கு. கீ...ன்னு. ஈரக் கண்ணாடிய விரலால தேய்ச்ச மாதிரி.

ருக்னுதீன்: ம்... சரியாச் சொல்லிட்டே. தேறிடுவே.

ஜெய்னம்பு: அது ஏன் கத்துது? அதையும் சொல்லுங்க.

ருக்னுதீன்: அப்படிக் கேளு. பெட்டிக்குள்ள ரெண்டு தண்டு. கீழ்த்தண்ட இன்ஜின் சுத்திக்கிட்டே இருக்கும். மேல்தண்டு பின்சக்கரத்துக்குப் போறது. மேலே இருக்கற பல்சக்கரத்தத் தள்ளி, கீழே இருக்கறதோட கோத்துவிட்டா...

ஜெய்னம்பு: கார் நகரும்.

ருக்னுதீன்: நகரும். கீழே சின்னது, மேல பெரிசுன்னா மெதுவாச் சுத்தும், ஆனா பலம் ஜாஸ்தி. மேடு ஏறலாம். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுன்னா வேகம். அதான் மூணாவது. இப்ப, கீழ்த்தண்டோட முனையில ஒரு வெண்கல வளையம் இருக்கு. அது தேஞ்சா தண்டு முன்னயும் பின்னயும் ஆடும். பல்லு முழுசா உக்காராது. ஓரத்துல உரசும்.

ஜெய்னம்பு: அந்த உரசல்தான் கீச்சு.

ருக்னுதீன்: அவ்வளவுதான் விஷயம்.

சபாபதி: யாருக்கு பாய் பாடம் நடக்குது?

ருக்னுதீன்: வாங்க சபாபதி. ஜெய்னம்பு, துரையோட டிரைவர் வந்துட்டாரு. கோப்பி போடு.

சபாபதி: கோப்பி கிடக்கட்டும், தங்கச்சி. பாய், பெட்டியத் தூக்கி மாட்ட ஒரு ஆளு வேணுமேன்னு வந்தேன். சாயங்காலம் காரு வேணும். போன மாசமும் நீங்கதான் இதைக் கழட்டி மாட்டினீங்க. இங்கேருந்து தோட்டம் வரைக்கும் எட்டு மைலு, எட்டு மைலும் கத்திக்கிட்டே வந்துச்சு.

ருக்னுதீன்: தெரியும்ப்பா.

சபாபதி: துரை சொன்னது தெரியுமா? இன்னொரு வாட்டி கத்தினா காரை சிங்கப்பூர் பட்டறைக்கு அனுப்பிடணுமாம். தோட்டத்து லாரி மூணும் கூடவே போயிடுமாம்.

ருக்னுதீன்: அந்த மூணு லாரியாலதான் இந்தப் பட்டறையே நிக்குது.

சபாபதி: அதான் கேக்கறேன். இந்தக் கூலாய் ஊருலயே உங்க கைக்கு மிஞ்சின கை இல்ல. அப்புறம் எப்படி அந்த வேலை கெட்டுச்சு?

ஜெய்னம்பு: போன மாசம் நான் இங்க இல்ல அண்ணே. தங்கச்சி பிரசவத்துக்கு மாசாய் ஊருக்குப் போயிருந்தேன்.

சபாபதி: அதுக்கும் கியர்பெட்டிக்கும் என்ன சம்பந்தம்?

ஜெய்னம்பு: ...நேரத்துக்குச் சோறு இருந்திருக்காது.

ருக்னுதீன்: பேச்சு போதும். புது வளையம் கடைஞ்சு வச்சிருக்கேன். இதைப் போட்டு ஓட்டிப் பாக்கலாம். மெல்லிசா இருந்தா தண்டு ஆடும். தடிமனா இருந்தா இறுக்கிப் பிடிச்சுச் சூடாகிடும். நடுவுல தலைமுடி அளவுதான் இடம். ...ஆங். ஓடுது.

சபாபதி: இந்த இன்ஜின் போடற டொக்டொக்குல எனக்கு ஒண்ணும் சரியாக் கேக்கல. கீச்சு போச்சா பாய்?

ருக்னுதீன்: ...ஜெய்னம்பு, நீ சொல்லு.

சபாபதி: நீங்க சொல்லுங்க. துரைகிட்ட பாயே சொன்னாருன்னு சொல்லணும்லா.

ருக்னுதீன்: வாத்தியார் முதல்ல சொல்லிட்டா அப்புறம் பரீட்சை எதுக்கு?

சபாபதி: நல்ல பள்ளிக்கூடம்.

ஜெய்னம்பு: குறைஞ்சிருக்கு. போகல.

ருக்னுதீன்: கேட்டீங்கல்ல? நான் நினைச்சதும் அதேதான். இன்னும் சிக்கிட், ஒரு துளி, தடிமனா ஒண்ணு இருக்கு. உப்புத்தாள்ல தேய்ச்சுப் போடறேன். வாரைக் கழட்டுங்க... பிடிங்க... விரல் பத்திரம். ம், இப்ப.

சபாபதி: தங்கச்சி, நீங்கதான் சொல்லணுமாம்.

ஜெய்னம்பு: கொஞ்சம் பேசாம இருங்க அண்ணே.

ருக்னுதீன்: ...என்ன?

ஜெய்னம்பு: போச்சு மச்சான். சுத்தமாப் போச்சு. இப்ப ஹூம்னு ஒரே சீரா வருது.

ருக்னுதீன்: நிசமாவா?

சபாபதி: வாத்தியாருக்கே சந்தேகமா?

ருக்னுதீன்: சந்தேகம் என்ன... தூக்குங்க. ஒரு கை அடியில, ஒரு கை முன்னால. கார்த் தரைப் பலகை கழட்டித்தான் இருக்கு, மேலேருந்து இறக்கிடலாம். பொழுது சாயறதுக்குள்ள மாட்டிடுவோம்.

*

சபாபதி: பாய், பாலம் வரைக்கும் போயிட்டு வந்தேன். மூணாவதுலயே போய் மூணாவதுலயே வந்தேன். மேட்டுல அழுத்திப் பாத்தேன், எறக்கத்துல விட்டுப் பாத்தேன்.

ருக்னுதீன்: சொல்லுங்க, கத்துச்சா?

சபாபதி: மூச்சு விடல. ரோட்டோரம் மாடு மணி ஆட்டறது கேக்குது, காரு சத்தம் கேக்கல. தங்கச்சி, பாஸ் பண்ணிட்டீங்க.

ஜெய்னம்பு: எல்லாம் வாத்தியார் புண்ணியம் அண்ணே.

சபாபதி: வெள்ளிக்கிழமை முதல் லாரியக் கொண்டாரேன் பாய். பிரேக்கு பாக்கணும். வரட்டுமா?

ருக்னுதீன்: போயிட்டு வாங்க. ...ஜெய்னம்பு, அவர் போயிட்டாரு. கொஞ்சம் இங்க வா.

ஜெய்னம்பு: பட்டறைக்குள்ளயா?

ருக்னுதீன்: வா, யாரும் இல்ல. உக்காரு. ஒண்ணு சொல்லணும்... கோவிச்சுக்கக் கூடாது.

ஜெய்னம்பு: சொல்லுங்க.

ருக்னுதீன்: நான் உன்னைப் பரீட்சை எல்லாம் பண்ணல. எனக்கு... மெல்லிசு சத்தம் கேக்கறதில்ல. ஆளு பேசறது கேக்குது, இன்ஜின் கேக்குது. இந்தக் கீச்சு மாதிரி சன்னமா வர்றது எதுவும் காதுல ஏறல. ரெண்டு வருஷமாச்சு. சம்மட்டி அடிச்சு அடிச்சுப் போயிடுச்சு போல. வெளியில தெரிஞ்சா எவன் வண்டி குடுப்பான்? உன்கிட்ட சொன்னா நீயும் பயப்படுவேன்னு... கோவமா?

ஜெய்னம்பு: எனக்கு எதுக்குக் கோவம்? அதெல்லாம் அப்பப்பவே தீந்துடுது. ரெண்டு வருஷமா தினம் உங்க முதுகுக்குப் பின்னாடி நின்னு, கிசுகிசுன்னு வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டறேன்... ஒரு நாளாச்சும் திரும்பிப் பாத்தீங்களா மச்சான்?