'நிறுத்து' என்ற சொல்லுக்கு உரியவர்

கேமரா ஓடும்போது 'நிறுத்து' என்று சொல்லும் உரிமை எங்கள் ஸ்டுடியோவில் ஒருவருக்கே உண்டு. எந்தச் சுவரிலும் அது எழுதப்படவில்லை. எவரும் எவருக்கும் கற்பித்ததில்லை. ஆயினும் முப்பத்திரண்டு ஆண்டுகளாக மணிலாவின் இந்த வாயிலுக்குள் நுழைந்த எவரும் அதை மீறத் துணிந்ததில்லை.

அந்த ஒரு சொல்லுக்கு ஒரே உரிமையாளரே! நடித்து இயக்கியும் இயக்கி நடித்தும், ஊமைப்படத்துக்கு உயிரையும் பேசும் படத்துக்குப் பொருளையும் ஈந்த பெருந்தகையே! மருத்துவர் அனுமதித்த அரைமணி நேரத்துக்கு இன்று எங்களிடையே அமர்ந்திருக்கும் பெரியவர் என்ற மரியாதையில் நாங்கள் 'மாங்' சேர்த்தழைக்கும் எங்கள் மாங் சாந்தோ, கிரிசாந்தோ மலப்ரிகோ அவர்களே! வணங்குகிறோம்.

மலபோன் நாடகக் கொட்டகையில் பாடிக்கொண்டிருந்த தாங்கள், கையால் சுழற்றும் கேமரா ஒன்றைத் தோளில் சுமந்து வந்த நாளிலேயே வியப்பு தொடங்கிவிட்டது. சுழற்ற ஆளில்லாதபோது தாங்களே சுழற்றினீர்கள். வேகம் பிசகாதிருக்கக் காதல் பாட்டொன்றை முணுமுணுத்தீர்கள். பின்னர் கைப்பிடியையும் பாட்டையும், இன்றும் நம் ஒளிப்பதிவாளராக இருக்கும் உர்பானோவிடம் ஒப்படைத்துவிட்டு ஓடிப்போய்க் கதாநாயகனாக நின்றீர்கள். ஊமைப்படம் ஓடிய மாகாணத்துக் கொட்டகைகளில் திரைக்குப் பின்னே நின்று, காதலனுக்கும் காதலிக்கும் அவள் தகப்பனுக்கும் ஒரே தொண்டையால் குரல் கொடுத்தீர்கள். போர் எங்கள் ஸ்டுடியோவையும் படச்சுருள்கள் அனைத்தையும் எரித்தபோது, சாம்பல் ஆறுமுன் வந்து நின்று, "பழைய படத்துல நூறு குறை எனக்கே தெரியும். இப்ப திருத்தி எடுக்கலாம், வாங்க" என்றீர்கள். அழ வந்த நாங்கள் ஆணி பொறுக்கத் தொடங்கினோம்.

புயலில் கூரைத் தகடு பறந்த அன்றும் தாங்கள் அச்சொல்லைச் சொல்லாததால், நனைந்த நாயகன் நனைந்த நாயகியிடம் காதலைச் சொல்லி முடித்தார். செவ்வெறும்புப் புற்றின்மேல் நின்றுவிட்ட நடிகை ரெமெடியோஸ் காட்சி முடியும்வரை கண்ணீர் உகுத்தார். பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. "அப்ப எறும்புக்கும் பேர் போடுங்க, மாங் சாந்தோ!" என்று அவர் கேட்டதை எண்ணி உணவறை இன்றும் சிரிக்கிறது. இதைக் கொடுங்கோன்மை என்பார் உண்டு. ஒரு கணம் எங்கே முழுமை பெறுகிறது என்பதை அறிந்தவரிடம் முடிவை ஒப்படைத்த நம்பிக்கை என்போம் நாங்கள்.

நலமுடன் நீடு வாழ்கவென வாழ்த்தி இம்மடல் முடிய வேண்டும். அந்த வாழ்த்தையோ, சென்ற மாதம் கவீத்தே கடற்கரையில் ஒருவர் எங்களை முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். அவர் பஸிலிஸா, முதல் படத்திலிருந்து தங்கள் உடைகளைத் தைத்து வருபவர்.

தங்கள் இறுதிப் படத்தின் இறுதிக் காட்சி. முதிய மீனவராகக் கடலுக்குள் இடுப்பளவு நீர்வரை நடந்து, 'நிறுத்து' என்று தாங்களே சொல்ல வேண்டும். அன்று காலை மீனவர் சட்டையைத் தேய்க்கக் கேட்டு வாங்கிய பஸிலிஸாவின் கையில், அதன் பையிலிருந்து மாத்திரைப் புட்டி ஒன்று சிக்கியது.

"என்னய்யா இது?"

"நெஞ்சுக்கு. தண்ணில இறங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். யார்கிட்டயாவது வாயைத் திறந்தே, உன் ஊசியெல்லாம் கடல்ல போட்டுடுவேன்."

"போடுங்க. அப்புறம் கிழிஞ்சதோட நடிங்க."

புட்டி விழுந்துவிடாதிருக்கப் பைக்கு ஒரு பொத்தான் தைத்துத் தந்ததோடு அவர் அடங்கிக்கொண்டார்.

கேமரா ஓடியது. நீர் தங்கள் இடுப்பைத் தொட்டது, சொல் வரவில்லை. மார்பைத் தொட்டது, சொல் வரவில்லை. உர்பானோ கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நாற்பது பேரும் மூச்சடக்கி, இதுவும் தங்கள் கலையே என்று மெய்மறந்து நின்றோம். பஸிலிஸா மட்டும் காட்சியைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்தார். ஒத்திகையில் இல்லாதபடி தங்கள் கை பையைத் தேடியதையும், தாம் இறுக்கித் தைத்த பொத்தானில் விரல்கள் வழுக்கியதையும் பார்த்தார்.

முப்பத்திரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக, கேமரா ஓடிக்கொண்டிருக்க, பாவாடையோடு அலைக்குள் இறங்கியபடி இன்னொரு குரல் அச்சொல்லைக் கூவியது:

"நிறுத்து! எல்லாத்தையும் நிறுத்துங்கடா! சாந்தோ, கரையேறுய்யா! படந்தான் முடிஞ்சுது, நீ முடியல!"

அவ்வண்ணமே வாழ்த்தும்,
ஸ்டுடியோ ஊழியர்கள்