இரண்டாம் செம்பு

தலையில் தண்ணீர் ஊற்றினால் ஆடு சிலுப்பும். இதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள், இன்ஸ்பெக்டர் அய்யா. எங்கள் ஊரில் அதைச் சாமியின் சம்மதம் என்பார்கள். நேர்ந்துவிட்ட கிடாவின் தலையில் ஒரு செம்பு மஞ்சள் தண்ணீர். சிலுப்பினால் வெட்டலாம். சும்மா நின்றால் சாமிக்கு இஷ்டமில்லை.

ஊற்றும் உரிமை என் பெரியப்பா மகன் வீரபத்திரனுக்கு. போன பங்குனியில் என் கிடா சும்மா நின்றது.

"இன்னொரு செம்பு ஊத்துங்கண்ணே."

"வாத்தியாரு வேலையெல்லாம் பள்ளிக்கூடத்தோட வச்சுக்க. சாமி வேணாம்னுருச்சு, ஓட்டிட்டுப் போ."

கூட்டம் சிரித்தது. அது குழந்தை வரம் கேட்டு நேர்ந்த கிடா. ஓட்டிக்கொண்டு வீடு திரும்பினால் என் மனைவி கனகலட்சுமி பையோடு நிற்கிறாள். "சாமியே வேணாங்குற வீட்டுல எனக்கென்ன சோலி?" என்று கேட்டுவிட்டு அம்மா வீட்டுக்குக் காரியாபட்டி பஸ் ஏறிவிட்டாள்.

எனக்கு வருத்தமில்லை. பத்தாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்துகிறவன் நான். நடந்ததை எண்ணி மொத்தத்தால் வகுக்க வேண்டும். வருத்தம் அதில் சேராது. அதன்பிறகு எங்கள் கோயிலிலும் சுற்றுவட்டாரக் கோயில்களிலும் நாற்பது கிடாக்களைப் பார்த்தேன். முதல் செம்புக்கே சிலுப்பியவை முப்பத்து நான்கு. அதாவது 0.85. மீதி ஆறுக்கும் இரண்டாம் செம்பு கிடைத்தது. ஆறும் சிலுப்பின. அதில் இரண்டு கிடாக்களுக்கு ஊற்றியது அண்ணன்தான்.

அவரிடமே போய்ச் சொன்னேன்.

"ஏலே, தண்ணிய ஊத்துனா எதுதான் சிலுப்பாது? நாயும் சிலுப்பும், நீயும் சிலுப்புவ. இதுக்குப் போயி ஒரு கணக்கு, அதுக்கு ஒரு வாத்தியாரு!"

கேலியை நீக்கிவிட்டால் அது நியாயமான ஆட்சேபம். ஆட்டை மட்டும் பார்த்தால் போதாது. நாய்க்கு ஊற்றினேன், பசுவுக்கு ஊற்றினேன், தலைமையாசிரியர் குழாயடியில் குனிந்தபோது அவருக்கும் ஊற்றினேன். எல்லோரும் சிலுப்பினார்கள். தலைமையாசிரியர் மெமோவும் கொடுத்தார். ஆனால் வெட்டும் எண்ணமே இல்லாமல் ஊற்றினால், சிலுப்பியது சம்மதமா குளிரா என்று எப்படித் தெரியும்? சோதனையில் அது பெரிய குறை.

வெள்ளிக்கிழமை காலை அண்ணன் பருத்திக்காட்டு வரப்பில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என் கையில் அரிவாளைப் பார்த்தார். கருவேலம் வெட்ட வந்ததாக நினைத்திருப்பார். கொண்டுபோயிருந்த கேனிலிருந்து ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை மோந்து அவர் தலையில் ஊற்றினேன்.

அவர் சிலுப்பவில்லை. நிமிர்ந்து பார்த்து, "என்னலே, கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று சிரித்தார்.

சிரிப்பைச் சிலுப்பலாகக் கொள்ள முடியாது. அவர் என் கிடாவுக்குச் சொன்ன விதிப்படி, நான் அப்படியே திரும்பியிருக்க வேண்டும். கேனில் இன்னும் தண்ணீர் இருந்தது. ஊற்றினேன். சிலுப்பினார். வெட்டினேன்.

பகை காரணமாக என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்திவிடுங்கள். என் கிடாவுக்கு அவர் மறுத்த இரண்டாம் செம்பை நான் அவருக்கு மறுக்கவில்லை. பகை இருந்தால் மறுத்திருப்பேன்.