பூனை சொன்னது என்ன?

அக்கா: பூனை பேசாதா? யாருடா சொன்னது?

தம்பி: உன் மருமகதான். "அப்பா, இந்த கேம்ல பூனை மியாவ்னு மட்டும்தான் சொல்லுது, நீங்க சொல்ற மாதிரி ஒண்ணையும் காணோமே"ங்கறா. அவளுக்கு இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு...

அக்கா: இரு, இந்த மூக்குக்கண்ணாடிக்கு ஸ்க்ரூ போட்டுடறேன். அஞ்சு மணிக்குக் கடைக்கு ஆள் வந்து நிப்பார்... எந்த கேம்டா?

தம்பி: என்ன கேள்வி இது? நம்ம தபால்காரன்! சின்ன வயசுல ஒரே நாற்காலியில ஒட்டிக்கிட்டு உக்கார்ந்து, ஸ்கிரீன்ல வர்ற இங்கிலீஷை நீ தமிழ்ல வாசிச்சுச் சொல்ல, விளையாடினோமே. மூணு பாகத்தையும் தேடிப் பிடிச்சு லேப்டாப்ல ஏத்திட்டேன். பாரு...

அக்கா: அடடே, அதே நீலத் தொப்பி! மூஞ்சி என்னடா கட்டம் கட்டமா இருக்கு? அப்ப ராஜா மாதிரி தெரிஞ்சானே!

தம்பி: பேச்சை மாத்தாதே. பூனை?

அக்கா: ...மியாவ்தான்.

தம்பி: அக்கா! "என் மீசையில ஒரு முடி தர்றேன், கப்பலுக்குக் கயிறா வெச்சுக்கோ"ன்னுச்சே!

அக்கா: மியாவை எத்தனை தடவைடா வாசிக்கறது? நீதான் "என்ன சொல்லுது, என்ன சொல்லுது"ன்னு என் பிராணனை வாங்குவே.

தம்பி: சரி, கப்பல் கேப்டனுக்குப் பல்வலின்னியே?

அக்கா: கன்னத்துல கையை வெச்சிருந்தான். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷுக்கு அது பல்வலிதான்.

தம்பி: அவன் பெண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா! அதைச் சொல்லித்தான் அழறான்! நான் பல்லுக்கு மருந்து தேடி ஒரு வாரம் தீவு பூரா அலைஞ்சேன்...

அக்கா: சிரிக்க வைக்காதே, ஸ்க்ரூ... போச்சு, விழுந்துடுச்சு!

தம்பி: நகரு. கால் வெச்சுடாதே... இந்தா.

அக்கா: இதுக்கா லீவு போட்டுட்டு வந்தே?

தம்பி: அவ விடமாட்டேங்கறாளே. எதைத் தொட்டாலும் "அத்தை இங்க என்ன சொன்னாங்க?" ஸ்கிரீன்ல இருக்கறது வேணாமாம். எனக்குப் பாதி மறந்துபோச்சு. நீ சொல்லு, எழுதிக்கறேன்.

அக்கா: மூணாவது பாகத்தை முடிச்சுட்டாளா?

தம்பி: இன்னும் இல்ல. ஊர்ல எல்லார் கடிதத்தையும் குடுத்துட்டான். கடைசியா அவன் அம்மாவுக்கு அவனே எழுதினது ஒண்ணு இருக்குல்ல... அதை எடுத்துக்கிட்டு வீட்டு வாசல்ல நிக்கறான். கதவைத் தட்டினதும் என்ன ஆகும்க்கா?

அக்கா: அம்மா திறப்பாங்க. "இவ்வளவு நேரமாடா? தொப்பியைக் கழட்டிட்டு வா, சாப்பாடு ஆறுது"ம்பாங்க.

தம்பி: அந்தக் கதவு திறக்கவே திறக்காது.

அக்கா: ...பார்த்துட்டியா?

தம்பி: ம்.

அக்கா: பக்கத்து வீட்டுக்காரி வந்து, "அவங்க செத்து ஒரு மாசம் ஆச்சே"ம்பா. கடிதத்தைக் கதவுக்கு அடியில தள்ளிட்டு, வந்த வழியே நடப்பான். அவ்வளவுதான் முடிவு... நம்ம அம்மா போய் அப்ப ரெண்டு மாசம்கூட ஆகலைடா. உனக்கு எட்டு வயசு. அதை எந்த வாயால வாசிக்கச் சொல்றே? கண்ணுல தூசின்னு எழுந்து போய் முகத்தைக் கழுவிட்டு வந்து, தோணினதைச் சொன்னேன். நீயும் நம்பிட்டே. இத்தனை வருஷம் கழிச்சு வாசிச்சுட்டு, அக்கா ஏமாத்திட்டாளேன்னு... கோபமா?

தம்பி: இப்ப வாசிக்கலைக்கா. நீ முகம் கழுவப் போனியே, அப்பவே எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டேன். இங்கிலீஷ்ல செத்துட்டாங்கங்கற வார்த்தை மட்டும் எனக்கு அப்ப நல்லாத் தெரியும். நீ வந்து, அம்மா கதவைத் திறந்தாங்கன்னே... அதுக்காகத்தான் தினம் ஸ்கூல் விட்டு வந்ததும், "அந்தக் கடைசி இடம் எனக்குப் புரியலைக்கா, இன்னொரு தடவை வாசி"ன்னு உன்னை உக்கார வெச்சேன்.