கதவைப் பார்த்திருந்த லிபா சித்திக்கு

பீடோர் மலைச்சாரலில் பிறந்து, பெருநகர் புகுந்து, பல்கலைக்கழக நூலகத்தில் பணியேற்று, பூர்வகுடி மாணவர் சங்கத்தைப் பெற்று வளர்த்த பெருந்தகையே! நூலடுக்கின் முன்னே நூலும் பின்னே நெத்திலிச் சம்பலும் ஒளித்துவைத்த நுண்ணறிவே! எம் தாயின் தங்கையாய் எமக்கு வாய்த்த லிபா சித்தியே! ஓய்வுபெற்று ஊர் செல்லும் உங்கள் முன்னே உங்கள் பிள்ளைகள் வாசித்தளிக்கும் மடல் இது.

மடல் என்றால் நன்றி நவில வேண்டுமாம். பணிபுரிந்த ஆண்டுகளைப் பட்டியலிட வேண்டுமாம். இம்மடல் இரண்டையும் செய்யாது. நம் செமாய்ப் பூர்வகுடி வீடுகளில் சோறு போட்டவருக்கு நன்றி சொல்வது, போட்ட சோற்றை அளந்து வைத்திருக்கிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். அந்த அவமரியாதையை உங்களுக்குச் செய்ய எங்களுக்கு வாய் வராது. ஆண்டுகளைப் பல்கலைக்கழகமே எண்ணிக்கொள்ளட்டும்; அதற்குத்தான் அங்கே ஆள் வைத்திருக்கிறார்கள்.

இவ்வளாகத்துக்குள் முதன்முதல் கால்வைத்த நாளை எங்களில் யார் மறப்போம்? விடுதியில் ஒருவன் மரத்தின் மேலா தூங்குவீர்கள் என்று கேட்டான். இன்னொருவன் சட்டையைத் தொட்டுப் பார்த்தான். பேச ஆளில்லாமல் நூலகத்துக்குள் ஒதுங்கினோம். ஏன் பேசாமல் இருக்கிறாய் என்று யாரும் கேட்காத இடம் இவ்வூரில் அது ஒன்றுதானே! அங்கேதான், புத்தக வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த நீங்கள், பெயர்கூடக் கேட்காமல் எங்கள் மொழியில் கேட்டீர்கள்:

“என்ன திங்கணும்னு ஆசையா இருக்கு? சொல்லிடு. மனசுல வெச்சுக்கிட்டுத் திரியாதே, எங்கயாச்சும் விழுந்து வைப்பே.”

நிறைவேறாத ஆசையோடு ஒருவர் நடமாடினால் தேள் கொட்டும், கால் இடறும், காய்ச்சல் வரும். அந்தப் பழி ஆசையை மறுத்தவர் தலையில் விழும். இது நாம் பாலோடு குடித்த நம்பிக்கை. அதனால் ஒருவர் ஆசையையும் நீங்கள் விட்டுவைக்கவில்லை. மூங்கிலில் வெந்த மீன் வந்தது. சுட்ட மரவள்ளி வந்தது. அழ ஆசைப்பட்டவளுக்குப் பழைய நாளிதழ் அறையின் சாவியும் வந்தது.

பண்பாட்டு வாரம் வந்தால் உங்கள் இன்னொரு முகத்தைக் கண்டோம். இலைக்கிரீடம் சூட்டி, ஊதுகுழலால் அம்பெய்து காட்ட ஒரு பையன் வேண்டும் என்று ஓர் அதிகாரி கேட்டபோது, “இவன் கணக்கியல் படிக்கிறான் சார். ஊதுனா உங்க மேலதான் படும், பரவாயில்லையா?” என்று கேட்டீர்களே! அந்த ஆண்டு ஊதுகுழல் இல்லை. நம் மொழியில் நாமே நம்மைப் பற்றிப் பேசிய முதல் மேடை அதுதான்.

இத்தனை பேர் ஆசையைக் கேட்ட உங்களிடம் உங்கள் ஆசையை நாங்கள் யாரும் கேட்கவில்லை. அது சென்ற வெள்ளிக்கிழமை தெரிந்தது.

பல்கலைக்கழகம் உங்களுக்கு வழியனுப்பு விழா எடுத்தது. பழைய மாணவர் அனைவருக்கும் அழைப்பு போனது. அவர்கள் வழக்கப்படி அதில் ‘நன்றி நவிலும் விழா’ என்று அச்சாகியிருந்தது. பெரிய மண்டபம், வரிசை வரிசையாய் நாற்காலி, முன்வரிசையில் அதிகாரிகள், பின்னே இப்போது படிக்கும் நாங்கள் ஒரு கைப்பிடி. பழைய பிள்ளைகளில் ஒருவரும் வரவில்லை. மேடையில் நன்றி நன்றி என்று பொழிந்தார்கள். நீங்களோ கதவையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். முடிந்ததும், எல்லாருக்குமென்று நீங்கள் சமைத்துக் கொண்டுவந்திருந்த மரவள்ளியைக் காவலாளிகளுக்குக் கொடுத்துவிட்டுத் தனியாக நடந்து போனீர்கள். கூட வரட்டுமா என்று கேட்கக்கூட எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

நம் சங்கத்தின் மூத்த மகள், ஈப்போ மருத்துவமனையில் தாதியாய் இருக்கும் அஸ்மிடாரை அன்றே கோபத்தோடு தொலைபேசியில் அழைத்தோம். அவர் கேட்டார்: “சித்தி மூஞ்சிக்கு நேரா நன்றி சொல்ல எப்படிடா வர்றது? தின்ன சோத்துக்குக் கணக்கு முடிக்கிற மாதிரி இருக்காதா? அதான் நாங்க யாருமே வரலை.” மரியாதைக்காக அவர்கள் வீட்டில் இருந்தார்கள்; மறந்துவிட்டார்கள் என்று எண்ணி நீங்கள் வீடு திரும்பினீர்கள். ஐயோ சித்தி, இப்படியும் ஒரு கொடுமை உண்டா!

மறுநாளே நூலகப் படியில் கால் இடறி விழுந்தீர்கள். படி ஈரம் என்றார் மருத்துவர். எங்களுக்கு ஈரம் தெரியவில்லை, உங்கள் ஆசைதான் தெரிந்தது. கட்டுப் போட்ட காலைச் சுற்றி உட்கார்ந்து, எதற்கு ஆசைப்பட்டீர்கள் என்று கேட்டோம். எனக்கென்ன ஆசை என்று மழுப்பினீர்கள். விடாமல் கேட்ட பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்:

“யாராச்சும் ஒருத்தர் வருவீங்கன்னு கதவைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். வேற ஒண்ணும் இல்லை.”

அந்த வார்த்தையை அப்படியே அஸ்மிடாரிடம் சொன்னோம். அவர் சட்டென்று தொலைபேசியை வைத்துவிட்டார்.

நாளை நீங்கள் பீடோருக்குப் போய்விடுவீர்கள். அந்த வீட்டில் உங்களுக்குத் துணை யாருமில்லை. இந்தச் சங்க அறையில் எங்களுக்கும் யாருமில்லை. புத்தக வண்டியின் சக்கரம் எங்கே கிறீச்சிட்டாலும் தலைதூக்கிப் பார்ப்போம். வேறு யாரோ தள்ளிக்கொண்டு போவார்கள். ஆகவே எங்கள் ஆசையையும் சொல்லிவிடுகிறோம். புதிய பிள்ளைகள் வரும் முதல் வாரத்தில் நீங்கள் இங்கே வந்து, என்ன ஆசை என்று அவர்களைக் கேட்க வேண்டும். சொல்லிவிட்டோம். இனி நீங்கள் மறுத்தால் நாங்கள்தான் விழுவோம்; பழி உங்கள் தலையில்!

கால் குணமாகி, கண் தெளிவாகி, கைநிறைய மீனும் வாய்நிறையச் சிரிப்புமாய், எண்ண முடியாத காலம் வாழ்க சித்தி!

நடைவழியில் நம் காட்டுப் பெத்தாய்க்காய் வாசனை வருகிறதே என்று அப்போதிருந்தே மூக்கைச் சுளிக்கிறீர்கள். கொண்டுவந்தவர்களை, மடல் முடியும்வரை பொறுக்கச் சொல்லி நிற்கவைத்திருக்கிறோம். மடல் முடிந்தது. கதவைத் திறக்கிறோம், பாருங்கள்.

இங்ஙனம்,
உள்ளே இருக்கும் பிள்ளைகளும்
வெளியே நிற்கும் பிள்ளைகளும்,
பூர்வகுடி மாணவர் சங்கம்