கேட்டும் கிடைக்காதவை: எங்கள் புள்ளியியல் அலுவலருக்கு விடைதரு மடல்

எண்களை எடைபோட்டு எங்களையும் எடைபோட்ட அம்மையீர்! போர் விமானங்களைப் பழுதுபார்க்கும் இப்பணிமனையின் பண்டகசாலையில் முப்பத்தோராண்டுகள் முகங்கோணாது உழைத்து இன்று ஓய்வுபெறும் புள்ளியியல் அலுவலரே! உடன் பணியாற்றியோர் உவந்தளிக்கும் மடல் இது.

தாங்கள் வருமுன், எந்த உதிரிப்பாகம் எத்தனை வேண்டும் என்பதைப் பண்டகக் காப்பாளர் கூரையைப் பார்த்துச் சொல்வார். வேண்டாதது மலையாய்க் குவியும், வேண்டியது மருந்துக்கும் இராது. தாங்களோ பத்தாண்டு வழங்கல் பதிவுகளை மாதவாரியாய் வரிசைப்படுத்தி, காலத்தொடர்க் கணிப்பு மாதிரிகள் வகுத்து, வருமாதத் தேவையை முன்னுரைத்தீர்கள். பறக்கும் நேரம் கூடினால் எது தேயும், மழைமாதத்தில் எது துருவேறும் என்பதெல்லாம் தங்கள் வரைகோடுகளில் புலனாயின.

புகழ்ச்சி மட்டும் எழுதினால் தாங்களே சிவப்பு மையால் திருத்துவீர்கள். ஆகவே பிழையொன்றையும் பதிகின்றோம். பிரேக் வால்வு பதினான்கு மாதங்களாய் ஒன்றேனும் வழங்கப்படவில்லை. அடுத்த ஆண்டுத் தேவை சுழியம் என்று தங்கள் கணிப்பு மாதிரி சொன்னது. கொள்முதலை நிறுத்தும் ஆணையைத் தாங்களே எழுதினீர்கள். மறுநாள் தாங்கள் விமானக் கொட்டகைக்குச் சென்றபோது இரண்டு விமானங்கள் வால்வு கழற்றப்பட்டு நின்றன. அவற்றின் வால்வுகள் வேறு விமானங்களில் இருந்தன. ஏன் பண்டகசாலையில் கேட்கவில்லை என்றதற்கு, மூத்த மெக்கானிக் கையைத் துடைத்தவாறே சொன்னார்: "கேட்டு என்னம்மா பண்றது? எப்ப வந்தாலும் ஸ்டாக் இல்லன்னுதான் சொல்றீங்க. அலுத்துப்போய் கேக்கறதையே விட்டுட்டோம்."

அவ்வாணை போயிருந்தால் அவ்வாண்டுக்குள் பாதி விமானங்கள் தரையிலேயே நின்றிருக்கும். தாங்கள் தபால் பிரிவுக்கு விரைந்து, உறையிலிட்ட ஆணையை மீட்டுவந்து, மேலதிகாரி முன் வைத்தீர்கள். "மாடல் மேல தப்பு இல்ல சார். கொடுத்ததை எண்ணினேன், கேட்டதை எண்ணல. தப்பு என்னோடது."

அன்று தொடங்கியதே 'கேட்டும் கிடைக்காதவை' என்னும் பதிவேடு. இல்லையென்று திருப்பியனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையும் தேதியுடன் அதில் ஏறுகிறது. தங்கள் மாதிரிகள் முதலில் படிப்பதும் அதனையே. அதன்பின் ஒரு விமானமும் பிரேக் வால்வுக்காகக் காத்து நின்றதில்லை.

இன்னும் ஈராண்டு இருந்தருள வேண்டுமெனச் சென்ற மாதம் தங்களிடம் கேட்டோம். வீட்டுக்காரரோடு சண்டை போடவும் நேரம் வேண்டாமா என்று சிரித்து மறுத்தீர்கள். மறுபடி கேட்டுத் தொல்லை தரமாட்டோம். நோயின்றி, நெடுநாள், நிறைவோடு வாழ்வீர்களாக!

நாங்கள் இனிக் கேட்காதிருப்பதைச் சுழியமென்று கொள்ளற்க. தங்களை வேண்டிய அக்கோரிக்கையை, இன்றைய தேதியிட்டு, அப்பதிவேட்டில் ஏற்றியுள்ளோம்.

இங்ஙனம்,
பண்டகசாலைப் பணியாளரும் விமானக் கொட்டகை மெக்கானிக்குகளும்