ரேஸ் ரெங்கசாமியின் ஒரே அசல் கார்

— மேடையில ரெண்டே வார்த்தை சொன்னா போதும், லெட்சுமியக்கா. 'லிங்கம் மொதலாளி வீட்டுல நிக்கிறதுதான் அசல் கார்.' சொல்லிட்டு உக்காந்துருங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன், விளங்குதா?

— அது ரெண்டு வார்த்தையா மொதலாளி?

— ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானே. ஞாயித்துக்கிழமை பதுளை டவுனே தெரண்டு வரும். சீஃப் கெஸ்ட் பெரிய ஆளு. உங்க வீட்டுக்காரர் ரேஸ் ரெங்கசாமிக்கு மொதலாம் ஆண்டு நினைவு விழான்னா சும்மாவா? இந்தா, பெனரப் பாருங்க. எப்படி?

— நல்லாத்தான் இருக்கு. நடுவுல மாலையப் போட்டுக்கிட்டு பெருசா நிக்கிறது யாரு?

— நான்தான்க்கா. விழாக்குழுத் தலைவர்னா போடத்தானே வேணும்.

— அப்ப செத்தது யாரு?

— அந்த மூலையில பாருங்க. ஹெல்மெட் போட்டுக்கிட்டு இருக்காரே.

— அட சாமி, அவரு எந்தக் காலத்துல ஹெல்மெட் போட்டாரு? தலையில துண்டக் கட்டிக்கிட்டுல்ல ஓட்டுவாரு. இது யாரோ வெள்ளக்காரன்.

— நம்ம அண்ணன் படம் ஒண்ணும் தெளிவா இல்லக்கா. எல்லாத்துலயும் ஒரே புகை. அதான் அச்சடிக்கிறவங்க நெட்டுல தேடிப் போட்டுட்டாங்க. தூரத்துல நின்னு பாத்தா தெரியாது.

— அது சரி. கிட்ட வந்து பாக்கிறவங்க யாரு இருக்கா? அன்னக்கா, மொதலாளிக்கு ஒரு டீ கொண்டாங்க.

— சீனி போடலாங்களா?

— அரைக் கரண்டி போடுங்கம்மா. சுகர் இருக்கு. இவங்க யாரு லெட்சுமியக்கா, சொந்தமா?

— ஆமாங்க. வெலிமடையில இருந்து வந்திருக்காங்க.

— நல்லது, விழா நேரத்துல தொணைக்கு ஆள் வேணும். இப்ப நான் சொல்றத கேளுங்க. சீஃப் கெஸ்ட் கொடியசைப்பாரு. ஒடனே நான் மைக்கப் புடிப்பேன். 'அறுபத்தொம்பதாம் வருஷம்! மடுல்சீமை மலையேத்தப் போட்டி! தோட்டத்துத் தொரை சீமையில இருந்து கப்பல்ல எறக்கின காரு ஒரு பக்கம்! லயத்து வீட்டுக் கூரைத் தகரத்தத் தட்டி, டீ ஃபெக்டரி கழிவு இரும்ப ஒட்டி, முப்பத்தாறாம் வருஷத்து மாடல்ல நம்ம ரெங்கசாமி கட்டின ஏழாம் நம்பர் காரு மறுபக்கம்! ஜெயிச்சது யாரு?' அப்பிடின்னு கேப்பேன். சனம் கை தட்டும். திரை வெலகும். என் காரு.

— மத்த மூணு காரையும் அந்தத் திரைக்குப் பின்னாலயே நிறுத்தவா போறீங்க?

— எந்த மூணு காரு?

— ஷுக்ரி நாநா பண்டாரவளையில இருந்து லொறியில ஏத்திக்கிட்டு வர்றாராம். டொக்டர் சிவஞானம் சாரு அவருதக் கழுவி மெழுகு போட்டுட்டாராம். ஹல்துமுல்லை ஹோட்டல்காரரு இந்திரஜித், வாசல்ல சுத்தி சங்கிலி கட்டி வச்சிருந்தாருல்ல, அதக் கழட்டிட்டாராம். நீங்கதானே போஸ்டர் ஒட்டினீங்க, ரெங்கசாமி கட்டின கார் வச்சிருக்கிறவங்க எல்லாம் கொண்டாங்கன்னு.

— ஊர்வலத்துக்கு நாலு பழைய கார் சேரட்டுமேன்னு போட்டேன். வரட்டுமே, அதுக்கென்ன? அவங்கது என்ன காரு?

— ஏழாம் நம்பரு.

— ஏழாம் நம்பர் என்கிட்டல்ல இருக்கு!

— அவங்களும் அதேதான் சொன்னாங்க. மடுல்சீமையில ஜெயிச்ச ஒரே அசல் காரு.

— அக்கா, வெளையாடாதீங்க. எனக்கு பிரஷர் வேற இருக்கு. காளியம்மன் கோயில் வாசல்ல கற்பூரம் ஏத்தி, அத அணைச்சுல்ல சத்தியம் பண்ணாரு!

— ஷுக்ரி நாநாவுக்கு பள்ளிவாசல் பக்கம் கைய நீட்டிச் சொன்னாராம். டொக்டருக்கு முருகன் கோயில். ஹோட்டல்காரருக்கு மட்டும் என் தலையில கைய வச்சு பண்ணாரு. அன்னைக்கு கோயில் பூட்டியிருந்துச்சு.

— அழுதாரே அக்கா! சாவியக் குடுக்கிறப்ப கண்ணு கலங்கி, 'பெத்த புள்ளயத் தத்துக் குடுக்கிற மாதிரி இருக்கு லிங்கம்'ன்னாரே!

— நாலு தடவையும் அழுதாரு. ராத்திரி சோறு எறங்காது. அந்த அழுகையில கலப்படமே இல்லங்க மொதலாளி. அத மட்டும் நான் எங்க வேணாலும் சொல்லுவேன்.

— அப்ப என் கார் சீட்டு? தோலெல்லாம் வெடிச்சு, பழசாகி, தொட்டாலே அந்தக் காலத்து வாசம் வருமே?

— சாயத் தேத்தண்ணியில ஊறப் போட்டு வெயில்ல காய வைப்பாரு. ரெண்டு கெழமையில நாப்பது வருஷம் பழசாயிரும்.

— பக்கவாட்டுல அந்தக் கீறல்? தொரை காரு வந்து உரசினதுன்னாரே! வர்ற விருந்தாளிக்கெல்லாம் அதத்தான் மொதல்ல காட்டுவேன்!

— உங்க கார்ல இருக்கிறது, வீட்டுக்குப் பின்னால நின்ன நேரம் ஆடு முட்டினது. மத்ததுக்கு எல்லாம் ஆட்ட நம்பல, அவரே போட்டுக்கிட்டாரு.

— ஐயையோ. வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு சந்தனம் வச்சு, மாலை போட்டு, என் மருமகனக்கூட தொட விடாம வச்சிருந்தேனே. பஜார்ல எனக்குப் பேரே 'அசல்கார் மொதலாளி'க்கா. இது வெளிய தெரிஞ்சா நாளைக்கு நான் கடையத் தொறக்க முடியுமா? ஒரு கிலோ ஆணி குடுத்தாலும் 'இது அசலா மொதலாளி'ன்னு கேப்பானுங்க.

— டீ ஆறுதுங்க.

— இருக்கட்டும்மா. லெட்சுமியக்கா, நான் சொல்றத கேளுங்க. ஒரே வழிதான். மேடையில நீங்க என் காரக் கையக் காட்டி அசல்னு சொல்லிருங்க. மத்த மூணையும் நினைவுக் காருன்னு சொல்லிக்கலாம். செத்த மனுஷன் மானமும் தப்பிச்சுரும், என் மானமும் தப்பிச்சுரும்.

— மத்த மூணு பேரும் அப்பிடியேதான் கேட்டாங்க. டொக்டரு மட்டும் 'நினைவுக் காரு'ன்னு சொல்லல, 'மாதிரி வடிவம்'ன்னாரு. படிச்சவருல்ல.

— நீங்க என்ன சொன்னீங்க?

— பாப்போம்ன்னேன்.

— பாப்போமா? அப்ப எதுதான் அசலு? உங்ககிட்டயாவது உண்மையச் சொன்னாரா, இல்லையா?

— சொன்னாரு. அசல் காரு ஜெயிச்ச அன்னைக்கே போயிருச்சுன்னாரு. வேகமாப் போறதுக்கு எல்லாத்தயும் பண்ணியிருக்காரு, நிக்கிறதுக்கு ஒண்ணும் பண்ணல. பிரேக்கு புடிக்கல. கோட்டத் தாண்டி காரு பள்ளத்துக்கு, அவரு தேயிலைச் செடிக்கு. நாப்பது அம்பது வருஷம் அத நம்பிக்கிட்டு இருந்தேன். சாமான் தேடுறேன்னு சனிக்கிழமையானா வெலிமடைக்குப் போவாரு. ஒரு ஆணி கொண்டாந்ததில்ல. பை நெறைய லீக்ஸ் கொண்டாருவாரு. அதயும் ஆசையா சமைச்சேன்.

— பள்ளத்துல போகலீங்க.

— என்னம்மா சொன்னீங்க?

— காரு பள்ளத்துல போகலீங்க. எங்க வீட்டுக்குப் பின்னால நிக்குது. உருளைக்கெழங்கு கொட்டாயில. இப்ப கோழி அடையுது.

— எந்தக் காரு?

— மடுல்சீமையில ஓடினது. ரேஸ் முடிஞ்சு நேரா எங்க வீட்டுக்குத்தான் ஓட்டிக்கிட்டு வந்தாரு. பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சுங்க.

— உங்களுக்கு எப்படித் தெரியும் அதுதான்னு?

— ஏழாம் நம்பர நான்தான் எழுதினேன். பதினெட்டு வயசு எனக்கு. எழுதறப்ப சிரிச்சுத் தொலைச்சேன், ஏழோட காலு கோணிக்கிச்சு. அழிக்கிறேன்னேன், வேணாம்ன்னாரு.

— என் கார்லயும் ஏழு கோணல்தான்!

— நாலுலயும் கோணல்தான் மொதலாளி. நூல் புடிச்சு, அளந்து அளந்து, அந்தக் கோணல அப்பிடியே போடுவாரு. எனக்குக் கையெழுத்து அழகா வரும், நான் நேரா எழுதித் தர்றேன்னு எத்தனையோ தடவ கேட்டிருக்கேன். தூரிகையத் தொட விட்டதில்ல. ராசின்னாரு. நானும் ராசிதான் போலன்னு பேசாம இருந்துட்டேன். இப்ப அத நெனச்சாத்தான் நெஞ்சு எரியுது. மத்ததெல்லாம் கூட பொறுத்துக்குவேன்.

— அக்கா, நீங்க அழாதீங்க, எனக்குப் புரியுது, காருன்னா அப்பிடித்தான். அன்னம்மா, நீங்க இத்தன நாளா ஏன் வாயத் தொறக்கல? அவரு எறந்து ஒரு வருஷமாச்சே!

— எறந்ததே தெரியாதுங்க. சனிக்கிழமை வரல. அடுத்த சனிக்கிழமையும் வரல. கோவிச்சுக்கிட்டாருன்னு நெனச்சேன். முன்னயும் அப்பிடி வராம இருந்திருக்காரு. போன மாசம் வெலிமடை பஸ் ஸ்டேண்டுல நீங்க ஒட்டின போஸ்டர்லதான் பாத்தேன். படத்துல ஆள அடையாளம் தெரியல. பேரு இருந்துச்சு. கீழ 'அன்னாரின் பாசமிகு மனைவி லெட்சுமி அம்மா'ன்னு போட்டிருந்துச்சு. விசாரிச்சுக்கிட்டு வந்துட்டேன்.

— வாசல்ல நின்னாங்க. காரு கேட்டு வந்தவங்கன்னு நெனச்சு, எல்லாம் வித்துப் போச்சுன்னு சொல்லிட்டேன்.

— பாத்தீங்களா, என் போஸ்டரு எவ்வளவு தூரம் வேலை செஞ்சிருக்கு! நான் சொல்றத கேளுங்க, விஷயம் இன்னும் கை மீறிப் போகல. கோழிய வெரட்டிட்டு அந்தக் கார நான் கொண்டாறேன். என் கார அங்க விட்டுர்றேன். யாருக்கும் தெரியாது. ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு இன்னும் விளங்கல. உலகத்துக்கே ஒண்ணா இருக்கிற அசல் கார, அண்ணன் ஏன் உங்க வீட்டுல கொண்டுபோய் விட்டாரு? நீங்க அவருக்கு என்னம்மா முறை?

— நீயே சொல்லு லெச்சுமி.

— ஞாயித்துக்கிழமை மைக்க அன்னக்கா கையில குடுத்துருங்க மொதலாளி, ரேஸுக்கு முந்தின வருஷமே வெலிமடை மாரியம்மன் கோயில்ல வச்சு அவரு தாலி கட்டினது அவங்களுக்குத்தான். நீங்க, ஷுக்ரி நாநா, டொக்டரு, ஹோட்டல்காரரு எல்லாரும் கீழ வரிசையா நில்லுங்க, அஞ்சாவதா நானும் வந்து நின்னுக்கிறேன்.