கேட்டை அடைத்து நின்ற வேன்

ஓமலூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர், “போலீசுல எழுதிக் குடுத்ததும் நாந்தான், இப்ப அந்த வேன் இல்லாம ஏங்கறதும் நாந்தானுங்க்கா” என்றார்.

பக்கத்தில் இருந்த மூத்த பெண் திரும்பினார். “எந்த வேனு?”

“பக்கத்தூட்டு அண்ணனோட டூரிஸ்ட் வேனுங்க. பத்து வருசமா எங்க கேட்டை அடைச்சுத்தான் நிறுத்துவாரு. தெனமும் காலையில நான் கத்துவேன். ‘இதா எடுத்தர்றேன் சாமி’ம்பாரு. எடுக்க அரை மணி நேரமாகும். அதுக்குள்ள அண்ணியும் வந்துருவாங்க. நாங்க ஊர் நாயம் பேசிச் சிரிச்சுக்கிட்டே நிப்போம்.”

“அப்பறம் ஏன் எழுதிக் குடுத்தே?”

“எங்கூட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்தப்ப, அந்த வேனால ஆம்புலன்ஸ் வாசலுக்கு வர முடியலீங்க. அண்ணன்தான் அதே வேன்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாரு. எனக்குப் பயந்தான் பெருசாத் தெரிஞ்சுது. மறுநாளே எழுதிக் குடுத்துட்டேன்.”

“இப்ப?”

“வேனைப் பைபாஸ்ல ஒரு ஷெட்டுல உடறாரு. எட்டு மாசமா அந்த ஊட்டுல யாரும் எங்ககூடப் பேசறதில்லீங்க. காலையில கேட்டைத் தொறந்தா தெருவே வெறிச்சுனு கெடக்குது.”

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

“நேத்து நானே போனனுங்க்கா. ‘அண்ணா, அவரு இப்ப நல்லா நடக்கறாரு. வேனைக் கொண்டாந்து நிறுத்துங்க’ன்னேன். அண்ணிதான் எட்டிப் பாத்து, ‘மொதல்ல நீ உள்ள வா’ன்னாங்க.”

“வேன் வருமா?”

“வருது, வராமப் போவுது. அண்ணி கூப்புட்டாங்கல்லங்க்கா.”